நானே போட்ட ‘யு’

2003. திருவண்ணாமலையில் காலேஜ் கடைசி வருஷம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து பன்னிரண்டு நிமிஷப் பேய்ப்படம் எடுத்தோம். ஷூட்டிங்குக்கு யாரும் வீடு தரவில்லை. அதனால் எங்கள் வீட்டுப் பின் அறையே பேய் பங்களா. அம்மாவின் பழைய புடவையே பேய்.

காலேஜ் விழாவில் திரையிட, யு, யு/ஏ, ஏ மூன்றில் எது என்று நாங்களே சான்றிதழ் கார்டு போட வேண்டும் என்றார் எங்கள் காலேஜ் மேடம். கேமரா பிடித்த நண்பன் யு/ஏ என்றான். ரத்தம் இல்லை, முத்தம் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, அப்புறம் என்னடா என்று பெரிதாக ‘யு’ போட்டேன். குடும்பம் குடும்பமாக வந்தால்தானே கைதட்டல் பிய்க்கும்!

எங்களோடுதான் அக்காவும் அவளுடைய ஏழு வயசு மகளும் இருந்தார்கள். அந்தப் பின் அறைக் கட்டிலில்தான் பாப்பா தூங்குவாள். அது எனக்கு உறைக்கவே இல்லை.

படம் முடிந்து லைட் போட்டபோது அக்கா பக்கத்தில் பாப்பா உட்கார்ந்திருந்த சீட் காலி. கேன்டீன், பாத்ரூம் எங்குமே இல்லை. பச்சைப் பாவாடைக் குழந்தை ரோட்டுக் கூட்டத்தோடு போனதைப் பார்த்தேன் என்றார் வாட்ச்மேன். அன்று பௌர்ணமி. மதியம் மூணு மணிக்கே கிரிவலக் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் ஒரே திசையில்தான் நடப்பார்கள், அவளும் முன்னாலேதான் போயிருப்பாள் என்று ஓடினேன். வழியில் குளம் வந்தால் எட்டிப் பார்ப்பேன். தண்ணீரில் பச்சையாக எதுவும் தெரியக் கூடாதே என்று கண்ணை மூடித் திறப்பேன். கூட வந்த அக்கா என்னைத் திட்டவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ரெண்டு மணி நேரம் கழித்து, கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில், ஒரு மோர்க்கார அம்மாவின் வண்டிக்குப் பின்னால் பாப்பா உட்கார்ந்திருந்தாள். அக்கா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். நான் கையை நீட்டினேன். பாப்பா அந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் வர்ல மாமா. அது என் கட்டில்ல உக்காந்துனு இருக்கு.”

மோர்க்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கால் வலிச்சாலும் நடக்கறேங்குது, வீட்டுக்கு மட்டும் வேணாங்குது. அப்டி என்னாப்பா பண்ணி வெச்சிருக்கீங்க வீட்ல?”

பின் அறைப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லித்தான் பாப்பாவைக் கூட்டி வந்தோம். பாப்பா அதற்கப்புறம் மூணு மாசம் ஹாலில், லைட்டை அணைக்க விடாமல்தான் தூங்கினாள்.

படத்தில் என்னென்ன இல்லை என்று கணக்குப் பார்த்த நான், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இன்றைக்கும் தியேட்டரில் சான்றிதழ் வரும் அந்தச் சில நொடிகளில் என் கண் தானாகப் பக்கத்து சீட்டில் குழந்தை இருக்கிறதா என்று தேடுகிறது.