பாறைக்குச் சோடா கொடுத்த ரத்தினம்

"என் சோடா கேஸு நாக்கைக் கடிக்கும்கா, கல்லைக் கடிக்காது. கடிக்கிதுன்னு காட்டு, கம்பெனிய இன்னிக்கே இழுத்து மூடிடறேன்!"

1991 கோடையில், படப்பை சோடா கம்பெனி உரிமையாளர் ரத்தினம் பொதுமக்கள் முன்னிலையில் ஆற்றிய உரை இது. பொதுமக்கள் என்றால் பக்கத்து வீட்டு ஞானம்மா. சோடாப் பெட்டி ஒழுகியே தன் சுண்ணாம்புத் தரைக்கு அம்மைத் தழும்பு வந்துவிட்டதாக அவள் குற்றம் சாட்டியிருந்தாள்.

கம்பெனி என்றால் ஓர் ஓலைக்கொட்டகை, கையால் சுற்றும் மெஷின், கரியமில வாயு சிலிண்டர். முதலாளி மெஷினைச் சுற்றுவார். மற்ற எல்லா இலாகாக்களும் மனைவி மெர்சியிடம்.

வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தாகத்தோடு திரும்பும் கூட்டத்தால்தான் இந்தக் கிறிஸ்தவக் குடும்பத்தின் வருஷமே ஓடியது. ஆடிக் கிருத்திகை நெருங்கும் நேரம் பார்த்துக் கொல்லையிலிருந்த ஆழ்துளைக் கிணறு வறட்டு இருமல் இருமியது. தண்ணீர் இல்லையென்றால் சோடா இல்லை. கம்பெனியை யாரும் மூடச் சொல்ல வேண்டியதில்லை, அதுவே மூடிக்கொள்ளும்.

பம்பு மெக்கானிக் மாரி குழாயை உருவினான். அதன்மேல் வெள்ளைப் பொருக்கு.

"தண்ணி கீழ கீது நைனா. அடியில இருக்கிறது சுக்கான் பாறை. தண்ணி வர்ற பொடி ஓட்டையெல்லாம் சுண்ணாம்பு அடைச்சிக்கினு கீது. ஆசிட்டு ஊத்தினா தொறக்கும். ஆனா குடிக்கிற தண்ணியாச்சே."

ரத்தினம் பொருக்கில் ஒரு சில்லை எடுத்துப் பாட்டிலில் போட்டு, சோடா நிரப்பி, கோலியால் அடைத்து வைத்தார். மறுநாள் எடுத்துப் பார்த்தால், சில்லு உடலெல்லாம் துளையாக, பஞ்சுபோல இருந்தது. இத்தகைய வேளைகளில் அறிஞர்கள் தெருவில் கூவிக்கொண்டு ஓடுவார்களாம். கல்லைக் கடிக்காது என்று உரையாற்றிய ரத்தினம், ஞானம்மா வீட்டுப் பக்கத்துக் கதவைத் தாழிட்டார்.

"திருநாளுக்குன்னு இருக்கிறதே இந்த ஒரு சிலிண்டர்தான்யா," என்றாள் மெர்சி. "அதையும் போருல வுட்டுட்டு இன்னாத்த விப்ப?"

"தண்ணி இல்லாம கேஸ மட்டும் பாட்டில்ல அடைச்சிக் குடுத்தா வாங்குவானா? பாதிய வுடறேன். மீதிய நீயே பூட்டி வெச்சிக்கோ."

ரப்பர் குழாய் அடிவரை இறங்கியது. கிணற்றின் வாயை இறுக மூடி, வாயுவைத் திறந்தார்கள். சிலிண்டரின் கழுத்தில் வெண்பனி பூத்தது. பாறைக்குள் சோடா தயாராக ஒரு பகல் அவகாசம் கொடுத்தார்கள். பிறகு, "மூஞ்சிய நீட்டாத நைனா, மூச்சு அடைச்சிடும்" என்று விலக்கிவிட்டு, மாரி மூடியைத் தளர்த்திக் காற்றாடவிட்டான். கைப்பம்பைப் பூட்டி அடித்ததும் ஒரு வாய் செம்மண் குழம்பு துப்பியது. அதற்குப் பிறகு முன்பு வந்த சொட்டும் நின்றது.

"பாறைக்கு ஏப்பம்தான் வந்துது, தண்ணி வரல," என்றாள் மெர்சி.

மாரி குழம்பை விரலில் தேய்த்தான். "சுண்ணாம்பு கரைஞ்சிட்டுது. அது புடிச்சிக்கினு இருந்த களிமண்ணு அவுந்துபோய், நல்லா இருந்த ஓட்டையிலயும் குந்திக்கிச்சி. கைவிட்டுடு நைனா."

ரத்தினம் கைவிடவில்லை, பம்பின் கைப்பிடியைத்தான் பிடித்தார். மேலிருந்து வாளி வாளியாகக் குளத்துத் தண்ணீரை ஊற்றுவார், அடிப்பார், சேற்றை வெளியே இழுப்பார், மறுபடி ஊற்றுவார். சோறு அவர் நின்ற இடத்துக்கே வந்தது. உள்ளங்கை கொப்புளித்தது, மெர்சி துணி சுற்றிவிட்டாள், திட்டிக்கொண்டே. சேறு வெளிறியதும் பூட்டிவைத்த பாதியிலிருந்து அவளே கொஞ்சம் வாயு திறந்தாள். இந்த முறை மெதுவாக, விட்டுவிட்டு.

ஞானம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னா ரத்தினம், பாறைக்கும் சோடா யாவாரமா?"

"போரு கழுவறேன்கா."

"எத்த வெச்சி?"

ரத்தினம் கைப்பிடியை அழுத்தினார். கலங்கல் வந்தது, பிறகு வெளுப்பு வந்தது, பிறகு தெளிந்த தண்ணீர் குழாய் வாய் நிறைய விழுந்தது. ஞானம்மாவின் கேள்வி சுவரின்மேலேயே காத்திருந்தது. அவர் குனிந்தபடியே ஒரு பாட்டிலை எடுத்துக் குழாயடியில் கழுவத் தொடங்கினார்.