கொலை விழும் கிராமமும் அத்தையின் விசாரிப்பும்

கதை மூன்றில் இரண்டு பங்கு ஓடியதும் அத்தை ரிமோட்டை நீட்டி நிறுத்திவிடுவார். திரையில் ஒரு பாதிரியார் வாயைப் பாதி திறந்தபடி உறைந்து நிற்பார். அவருக்குப் பின்னால் கல் தேவாலயம், மழைத் தூறல், சைக்கிளில் கடந்து போகிற யாரோ ஒருவரின் பின்சக்கரம். "சொல்லுடி, யாரு?" என்பார் அத்தை. எனக்கு எதையும் அடக்கி வைக்க வராது. தோட்டக்காரர் என்பேன், டாக்டரின் மனைவி என்பேன், சில நாள் இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவேன். அத்தை மட்டும் சொல்லமாட்டார். கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு, ஒரு முறுக்கை உடைத்து, "ம்" என்பார். கடைசியில் கொலைகாரர் மாட்டிக்கொள்ளும்போது, "நெனச்சேன்" என்பார். "நெனச்சத அப்பவே சொல்லணும் அத்தை, இது போங்கு" என்று கத்துவேன். "விசாரிக்கிறவ முன்னாடியே வாயைத் தொறக்கக் கூடாதுடி" என்பார். அதைச் சொல்ல அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "விசாரிச்சுப் பார்த்தேன், சரியா வரல" என்று சிரிப்பார். திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. அந்த மே மாதம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கணுக்காலில் விரிசல் விட்டு, ஆறு வாரம் படி இறங்கக் கூடாது என்று ஆனது. நான் தில்லை நகரில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருவானைக்காவலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து துணைக்கு என்னை அனுப்பினார்கள். கையோடு என் ஓடிடி சந்தாவையும் அதிலிருந்த இங்கிலாந்து கிராமத்துக் கொலைத் தொடர்களையும் கொண்டுபோனேன். முதல் நாள் அத்தை, "இங்கிலீசு எனக்கு ஓடுமாடி?" என்றார். இரண்டாம் நாள், நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் அடுத்த பாகத்தைப் போட்டு, முதல் பிணம் விழும் இடத்தில் நல்ல பிள்ளையாக நிறுத்தி வைத்திருந்தார்.

இந்தத் தொடர்களில் என்ன இருக்கிறது என்று நண்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு மூச்சு விடாமல் பேச இது ஒன்று போதும். வெளியே அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது உள்ளே நாற்பத்திரண்டு அங்குல டிவியில் ஒரு ஊர் முழுக்க நனைந்துகொண்டிருக்கும், அந்தச் சுகம் ஒன்று. ஒன்றரை மணி நேரத்தில் உண்மை வெளியே வந்துவிடும், வாய்தா கிடையாது, அந்தச் சுகம் இன்னொன்று. ஆனால் எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்போட்டது கொலை அல்ல, அக்கம்பக்கம். ஜன்னல் திரையை விலக்கிப் பார்க்கிற பெண்மணி, அடுத்த வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று தபால்காரரிடம் கேட்கிற பெரியவர், பூச்செடிப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவளின் முகம். மார்கழிக் கோலப் போட்டியில் நாங்கள் பார்க்காத முகமா அது? "நம்ம தெருவுல இதுக்கே ரெண்டு கொலை விழுந்திருக்கணும்" என்பார் அத்தை. அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஆனால் யார் மனதில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இங்கிலாந்துக்கு நான் போனதில்லை. அந்த ஊரில் மட்டும் குடியிருந்திருக்கிறேன் என்று தோன்றும்.

அத்தைக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் குறைகளும் உண்டு. பிணம் கிடக்கிற வீட்டில் கெட்டிலைப் போட்டு எல்லோருக்கும் டீ கொடுப்பதை அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. "நம்ம ஊர்ல எடுக்குற வரைக்கும் அடுப்பே பத்த வைக்க மாட்டோம். இவ பிஸ்கட்டோட வர்றா பாரு, இவளைத்தான் மொதல்ல பிடிச்சு உள்ள போடணும்" என்பார். வாரத்துக்கு இரண்டு பேர் செத்தும் அந்த ஊரில் தோட்டத்தோடு வீடு வாங்க ஆள் வருகிறதே, அந்த புரோக்கர் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று வியப்பார். ஆனால் ஒரு நாள், இன்ஸ்பெக்டர் ஒரு பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்து, "ஜாம் நீங்களே போட்டதா?" என்று சமையல்காரியிடம் கேட்டுவிட்டு, பழம் எங்கே பறித்தாய், யாரோடு போனாய் என்று நூல் பிடித்து அவள் வாயாலேயே எல்லாவற்றையும் வரவழைத்தபோது, அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவரு நம்ம தொழில்தான்" என்றார்.

அத்தையின் தொழில் என்று நான் சொல்வது ரிசப்ஷனை அல்ல. எங்கள் சொந்தத்தில் யாருக்கு வரன் வந்தாலும் பையன் வீட்டைப் பற்றி விசாரிக்கப் போவது அத்தைதான். ஜாதகம் பொருந்தியிருக்கும், மண்டபம்கூடப் பார்த்திருப்பார்கள், ஆனால் அத்தை தலையை ஆட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு. அவர் பையனைப் பற்றிக் கேட்கவே மாட்டார். "இந்தத் தெருவுல வாடகைக்கு வீடு ஏதும் வருமாங்க?" என்று ஆரம்பிப்பார். தண்ணீர் எப்படி, கொசு எப்படி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி என்று பேச்சு தானாக அந்த வாசலுக்கு வந்து சேரும். மூன்று பேரிடம் கேட்பார், அதற்கு மேல் கிடையாது. லால்குடி சித்தப்பா மகளுக்கு வந்த பொன்னான வரனை அத்தை வேண்டாம் என்றபோது எல்லோரும் கோபித்துக்கொண்டார்கள். அந்த மனிதருக்குக் கரூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது பிறகு தெரியவந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு அக்கா சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த வருடம் நான் அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன். என் அலுவலகத்திலேயே சைட் இன்ஜினியராக இருந்த ஒருவர், வீடு உறையூர், அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று. அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா இரண்டு நாள் கழித்து, "அக்கா விசாரிக்கட்டும். சரின்னா சரி, இல்லன்னா இத்தோட விட்டுரணும்" என்றார். நானும் சம்மதித்தேன். வேறு வழி?

அந்த இன்ஜினியர் பக்கம் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் போயிற்று. ஆறு வாரம் அத்தையோடு உட்கார்ந்து பார்த்தவள் நான். ஒன்றுமில்லாத ஒரு பேச்சு, பாதி தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர், ஒரு பழைய சண்டை, இவற்றை வைத்தே ஒரு நிரபராதியைக் கூண்டில் ஏற்றிவிடலாம் என்று எனக்குத் தெரியும். அதனால் அத்தை போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், என் பச்சை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உறையூருக்குப் போனேன். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடை அம்மா, எதிர் வீட்டு ரிட்டயர்டு சார். அத்தை போனால் இந்த மூன்று பேரிடம்தான் போவார் என்று கணக்குப் போட்டேன், கணக்கு சரியாகவும் இருந்தது. மூன்று பேரிடமும், யாராவது விசாரித்தால் நல்லபடியாகச் சொல்லச் சொன்னேன். "என்னன்னு சொல்லணும் பாப்பா?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார். "பையன் ரொம்பப் பொறுப்பு, பெத்தவங்களைக் கண்ணுக்குள்ள வச்சுத் தாங்குறார்னு சொல்லுங்க." அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மற்ற இரண்டு பேருக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, அத்தையிடமிருந்து போன் இல்லை. நான் அழைத்தால், "வேலையா இருக்கேன்டி" என்று வைத்துவிட்டார். வியாழக்கிழமை அப்பாவுக்கு அழைப்பு வந்தது: வருகிற ஞாயிறு மூன்று பேரும் ஸ்ரீரங்கத்துக்கு வர வேண்டும். போனோம். ஹாலில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது எதற்கென்று எனக்குத் தெரியாதா?

அத்தை காபி கொடுத்துவிட்டு நின்றபடியே பேசினார். "இஸ்திரிக்காரர்கிட்ட போனேன் தம்பி. வாடகைக்கு வீடு கிடைக்குமான்னு கேட்டேன். 'பையன் ரொம்பப் பொறுப்பு, பெத்தவங்களைக் கண்ணுக்குள்ள வச்சுத் தாங்குறார்'ங்கிறாரு. பையனைப் பத்தி நான் வாயே தொறக்கல." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மளிகைக் கடைக்குப் போனேன். அதே வார்த்தை. எதிர் வீட்டு சாரு, அதே கண்ணு, அதே தாங்கல். மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா அது சாட்சி இல்ல, மனப்பாடம்."

அப்பா காபி தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப பையன் வீட்டுலதான் சொல்லி வச்சிருக்காங்க. எதையோ மறைக்கிறாங்க. வேணாம்க்கா, விட்டுரலாம்" என்று எழுந்தார். அத்தை என்னைப் பார்த்து "ம்" என்றார். முறுக்குத் தட்டு இல்லாதது ஒன்றுதான் குறை, அதே முகம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உறையூர்க்காரர்கள் மேல் விழுந்த பழி அப்படியே நிற்கும், திறந்தால் என் மானம் போகும். "நான்தான்பா" என்றேன். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் போய்ச் சொல்லிக் கொடுத்தேன்."

அப்பா அப்படியே நின்றார். "உனக்கு எதுக்குடி இந்த வேல?" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. அத்தை உட்கார்ந்தார். "உக்காரு தம்பி. பச்சை ஸ்கூட்டர்ல ஒரு பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சுன்னு மளிகைக் கடை அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. இவ சொல்றாளான்னு பார்த்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஊரே ஒருத்தனைத் தங்கம்னா எனக்கு எப்படிடி நம்பிக்கை வரும்? ஒரு குறையாவது சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது?" என்றார்.

மூன்று வாயும் கெட்டுவிட்டதால் அத்தைக்கு நான்காவதாக ஒரு வாய் தேவைப்பட்டது. அது புதன்கிழமை தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும் வரை நோயாளிகளைக் கண்ணை மூடி உட்காரவைப்பார்கள். அந்த அரை மணி நேரத்தில் மனிதர்கள் எதிரே யார் என்று தெரியாமல் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்கள் என்று அத்தை அடிக்கடி சொல்வார். அன்று செக்கப்புக்கு வந்தவர் உறையூர்க்காரர். சீட்டில் தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் பார்த்ததும் அத்தைக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினியருடைய அப்பா. "வீட்ல யாரு மருந்து விடுறாங்க?" என்று மட்டும்தான் அத்தை கேட்டாராம். "ஏன் கேக்குறீங்க! பையன்தான். பெரிய கலெக்டர்னு நெனப்பு. அலாரம் வச்சுக்கிட்டு நாலு வேளையும் வந்து நிக்கிறான். வேணாம்டான்னா கத்துறான், நானும் கத்துறேன். டிவி பாக்க விடறதில்ல. தண்ணிக் குழாய்க்குத் தெருவே அவனோட சண்ட. பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம்ங்க" என்று மருந்து வேலை செய்யும் வரை திட்டித் தீர்த்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகியும் ஒரு வேளை தவறவில்லை என்று, சீட்டில் பையன் வேளைக்கு வேளை போட்டிருந்த டிக்கிலேயே தெரிந்ததாம்.

"பிடிவாதக்காரன், சண்டைக்காரன்" என்றார் அத்தை. "ஆனா சண்டை போட்டுக்கிட்டே மருந்து விட்டிருக்கான். எனக்குப் போதும் தம்பி." அப்பா தம்ளரைத் திரும்பவும் கையில் எடுத்தார். ஆறிப்போன காபியை முழுதும் குடித்துவிட்டு, "சரி, எப்ப வரச் சொல்லலாம்?" என்றார்.

கல்யாணம் முடிந்து ஒரு வருடமாகிறது. அத்தை இன்னும் அதே ரிசப்ஷனில், அதே மாடியில். இப்போது நான் உறையூரில், அவர் ஸ்ரீரங்கத்தில், போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறோம். போன வாரம் சாயங்காலம் மாமனார் ஏதோ பேச்சில், "உங்க திருவானைக்காவல் தெருவுலயும் நாங்க அப்ப விசாரிச்சோம்ல" என்றார். எனக்குத் தெரியாது. யார் என்ன சொன்னார்கள் என்று நச்சரித்தேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "பால்காரரு, காலையில அது எழுந்திருக்கவே எழுந்திருக்காதுன்னாரு. தையக்கார அம்மா, நல்ல பொண்ணுதான், ஆனா கோபம் மூக்கு மேலன்னாங்க. மாடி வீட்டு சாரு, அதோட உக்காந்து ஒரு கதை பாக்க முடியாது, முடிவ முன்னாடியே சொல்லிரும்னாரு. மூணு பேரும் மூணு குறை சொன்னாங்கம்மா. ஆளை வச்சு ஏற்பாடு பண்ணியிருந்தா இப்படியா சொல்லுவாங்க? அதான் மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிட்டோம்."

நானும் சேர்ந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நின்றேன். நான் ஐந்தரைக்கு எழுபவள், பால் வாங்குவதே நான்தான். மாடி வீட்டு சாரோடு வாழ்நாளில் ஒரு கதையும் பார்த்ததில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அத்தையை அழைத்தேன்.

"அத்தை, எங்க தெருவுக்கு நீங்க போனீங்களா?"

அந்தப் பக்கம் முறுக்கு உடைகிற சத்தம் கேட்டது.

"போனேன். ரெண்டு பேருக்குத்தான்டி சொல்லிக் கொடுத்தேன்" என்றார் அத்தை. "கோபம் தையக்கார அம்மாவே சொன்னது."