தரையில் சிதறாத பாப்கார்ன்

பதினொரு வருடமாகத் திரையரங்கைப் பெருக்கும் அக்கா, அந்த விண்வெளிப் படத்தின் மூன்று பாகங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவரும் நாத்தனாரும் துடைப்பத்தோடு நுழைவார்கள். மூன்றாம் பாகம் வெளியான அன்று, எல்லா வரிசையும் பெருக்கியும் கூடை பாதிகூட நிறையவில்லை.

வாசலில் நின்ற மேனேஜர் கேட்டார்: "புது வில்லனைப் பாத்து ஜனங்க மிரண்டாங்களாக்கா?"

"இல்ல தம்பி. முதல் பாகத்துல முகமூடிக்காரன் வந்ததும் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு போல, பாதி பாப்கார்ன் தரையிலதான் கெடந்துச்சு. இவன் பேசப் பேச நிம்மதியா தின்னு முடிச்சிருக்காங்க."

மேனேஜர் சிரித்துவிட்டுப் போனார். இரண்டாவது வாரமே கூட்டம் படுத்துவிட, படத்தைத் தூக்கினார்கள். அக்காவுக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. நாத்தனாருக்குத்தான் மனக்குறை.

"இடுப்பு வலியில்லாம இருந்தோம் அண்ணி. அந்தப் புது வில்லன் நல்ல மனுஷன், இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கலாம்."