ஹம்ப்பில் கோணலாக ஏறிய எஸ்யூவி

இன்று காலை எங்கள் ஏரியா ஜோகுபாளையத்தில் மனைவி ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால். எங்களுக்கு முன்னால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியின் புது எஸ்யூவி.

"ரேஸ் கார் செய்யறவனுக்கு எதுக்கு இந்த வேலை? மானமே போச்சு," என்றேன்.

"நம்ம ரோட்டுக்கு இதுதாங்க சரி. தாழ்வான காருன்னா ஸ்பீட் பிரேக்கர் ஹம்ப்புல அடிப்பாகம் தட்டும்," என்றாள்.

அடுத்த ஹம்ப்பிலேயே எஸ்யூவி நின்றது. ரோட்டையே அடைத்துக் கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கியது. பின்னால் ஒரே ஹாரன்.

சிக்னலில் எஸ்யூவி ஓட்டியவரிடம் என் மனைவி கேட்டேவிட்டாள்: "இவ்ளோ உயரமான வண்டிய ஏன் சார் வளைச்சு ஏத்துறீங்க?"

"போன வாரம் வரைக்கும் இதே கம்பெனியோட தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருதான் ஓட்டினேன், மேடம். ஹம்ப்ப பாத்தா கை தானா திரும்புது."

அந்தக் கம்பெனி தாராளமாக எஸ்யூவி செய்யட்டும். எங்கள் ஹம்ப் அதையும் ஸ்போர்ட்ஸ் காராக்கிவிடும்.

உங்கள் ஏரியாவில் எப்படி?