சத்தம் நின்ற கார்

தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. விமானத்துக்கு நேரமாகிறதே என்று அம்மா காரின் பின் சீட்டில் தவித்துக்கொண்டிருந்தாள். அவனோ இஸ்திரி போட்ட சட்டையோடு பானட்டைத் திறந்து எஞ்சினுக்குள் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தான். தேன் மாதிரி கெட்டியாக, டப்பாவை விட்டு வர மனமில்லாமல் இறங்கியது அது.

"என்னடா பண்றே? சட்டையெல்லாம் கறையாகப் போகுது," என்றாள் அக்கா.

"ரெண்டு நிமிஷம்க்கா. இது ஆயில்ல கலக்கறது. காலையில ஸ்டார்ட் பண்ணா டொக்கு டொக்குன்னு அடிக்குதில்ல, இனிமே அடிக்காது. நான் போனப்புறம் உன் வண்டிய யார் பாப்பா?"

"இவ்வளவு நாள் நீ பாத்துக் கிழிச்சே. ஏறுடா."

வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் சொல்வார்கள். கார் அவளுடையது. ஒரு துணிக்கடையில் நாளெல்லாம் நின்று, முதலாளியின் ஏச்சைக் காதில் வாங்கி வாங்கிச் சலித்துப்போய், ஒரு நாள் வேலையை உதறிவிட்டு அந்தப் பழைய காரை வாங்கினாள். காலையில் நான்கு பெண்களை அவர்கள் அலுவலகத்தில் இறக்கிவிடுவாள், சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருவாள். யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்தக் கார் ஓடும் வரைதான் அந்த நிமிர்வு என்பதும் அவளுக்குத் தெரியும்.

தம்பி அதுவரை பார்த்த வேலை இந்த டப்பாக்களை விற்பது. ஆயிலில் ஊற்ற ஒன்று, பெட்ரோலில் ஊற்ற ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று. அவனுக்குத் தலைவலி வந்தால்கூட ஏதாவது ஒரு டப்பாவைத்தான் திறப்பான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். விற்பதை அவன் பாதி நம்பியிருந்தால் பிழைத்திருப்பான். முழுசாக நம்பினான். விற்காமல் மிஞ்சிய ஒரு பெட்டி நிறைய டப்பாக்களை அக்காவின் கட்டிலடியில் தள்ளிவிட்டு, "ஒவ்வொரு தடவ ஆயில் மாத்தறப்பவும் ஒண்ணு ஊத்துக்கா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினாள். சத்தமே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா, போற நேரத்துலகூட உனக்கு நல்லது பண்ணிட்டுப் போயிருக்கான்."

திங்கட்கிழமை காரை மெக்கானிக்கிடம் விடுவதாக ஏற்பாடு. ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பதால் அவருக்கு டாக்டர் என்று பட்டப்பெயர். அடியில் இருக்கும் ஆயில் சட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவள் போன் செய்தாள்.

"சத்தம் நின்னு போச்சுங்க. தம்பி ஏதோ ஊத்தினான். ஊத்தலாமுங்களா அதெல்லாம்?"

"ஊத்தினா ஒண்ணும் ஆகாதும்மா. சத்தம் இல்லேன்னா எதுக்குப் பிரிக்கணும்? அப்புறம் பாத்துக்கலாம்."

அவருக்கு அன்று வேலை அதிகம். அவளுக்கோ ஒரு நாள் ஓட்டம் மிச்சம். இரண்டு பேருக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது.

கார் மாதக்கணக்கில் பூனைபோல ஓடியது. அடுத்த முறை ஆயில் மாற்றியபோது கட்டிலடியிலிருந்து இன்னொரு டப்பாவை எடுத்து அவளே ஊற்றினாள்.

அதற்குப் பிறகு ஒரு குளிர்ந்த காலையில், மேம்பாலத்தின் ஏற்றத்தில், ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் ஒரு முறை உறுமி, அப்படியே இறுகிப்போய் நின்றது. நான்கு பெண்களும் இறங்கி, பின்னால் நின்றவர்களின் ஹாரனையும் வசவையும் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். "பரவாயில்லக்கா," என்று சொன்னவள் ஒருத்திதான். மறுவாரமே நான்கு பேரும் வேறு காருக்கு மாறினார்கள். அந்த ஒருத்தியும்தான்.

டாக்டர் ஆயில் சட்டியைக் கழற்றினார். ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் தார் மாதிரி கரி அப்பியிருந்தது.

"இது அடைச்சு, மேல ஆயில் ஏறாமத்தான் அப்ப அடிச்சிருக்கு. கெட்டியா ஊத்தினதும் சத்தம் அமுங்கிருச்சு, அடைப்பு அப்படியே இருந்துருச்சு. கெட்டி ஆயில் இதுக்குள்ள எப்படிப் போகும்?"

"அப்ப அந்த டப்பாவுல மருந்து ஒண்ணுமே இல்லியா?"

"என்ன மருந்து? நல்ல ஆயில் வாங்கினா வேண்டியதெல்லாம் அதுலயே கலந்துதான் வருது. பெட்ரோல்ல ஊத்தறது வேணும்னா, அடைச்சுக் கிடந்தா ஏதோ கொஞ்சம் கழுவும். இது விக்கப்போற வண்டிக்கு ஊத்தறதும்மா. வாங்கினவன் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் வண்டி வாயத் தொறக்காது."

"இத அன்னிக்கே போன்ல சொல்லியிருக்கலாமே?"

"நான் அப்பவே பிரிக்கணும்னு சொன்னேனே."

"அப்புறம் பாத்துக்கலாம்னும் நீங்கதானே சொன்னீங்க?"

டாக்டர் கையைத் துடைக்கத் துணி தேடினார். கையில்தான் இருந்தது துணி.

எஞ்சின் மாற்ற வழியில்லை. கார் கிடைத்த விலைக்குப் போனது. இப்போது அவள் ஓட்டுவது ஒரு முதலாளியின் வேன். எங்கே இருக்கிறாய், ஏன் தாமதம், ஏசியை ஏன் போட்டாய் என்று நாளெல்லாம் போன். துணிக்கடையில் கேட்ட அதே ஏச்சு. அங்கே நின்றுகொண்டு கேட்டாள், இங்கே உட்கார்ந்து கேட்கிறாள், அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் ஒரு பையன் சின்ன பாட்டிலைக் காட்டி, "மேடம், இத ஊத்தினா மைலேஜ் கூடும்," என்றான். "முதலாளி வண்டிப்பா இது. அவர் தலையில ஊத்து," என்றாள்.

யாரைத் திட்டுவது என்பதுதான் அவளுக்குத் தீராத எரிச்சல். தம்பியிடமாவது கொட்டித் தீர்க்கலாம் என்று போனை எடுத்தபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட சொல்லிடாதேடி. தெரியாத ஊர்ல தனியா கிடக்கான். மனசு ஒடஞ்சிருவான்."

"என் மனசு என்ன கல்லா?"

"நீ பெரியவ. தாங்கிக்குவே."

அன்றிலிருந்து, அவன் பேசும்போதெல்லாம் "வண்டி எப்படிக்கா ஓடுது?" என்று கேட்பான். "ஓடுது," என்பாள். வேன் ஓடத்தான் செய்தது, பொய்யில்லை. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டு, கட்டிலடிப் பெட்டியை ஓர் உதை விடுவாள். அதைத் தூக்கிப் போடவும் அம்மா விடவில்லை. அவன் வந்தால் கேட்பானாம்.

அவன் போய் மூன்றாவது வருஷம். முதலாளி வீட்டு வாசலில் அவள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். தம்பி எழுதியிருந்தான்:

"அக்கா, ஒரு பழைய கார் வாங்கிட்டேன். வாங்கறப்ப சத்தமே இல்ல. இப்ப காலையில டொக்கு டொக்குன்னு அடிக்குது, உன் வண்டி அடிச்ச மாதிரியே. இங்க மெக்கானிக் அடியில பிரிச்சுப் பாக்கணும்னு பயமுறுத்தறான், நான் ஏமாறுவேனா? அந்தப் பெட்டியில மிச்சம் இருக்கில்ல, இங்க வர்றவங்க யார்கிட்டயாவது ரெண்டு டப்பா குடுத்தனுப்பு. உனக்குத்தான் தெரியுமே, அது எப்படி வேலை செய்யும்னு."