ரெண்டு ரிங், அப்புறம் கட்

அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை... இன்றைக்கும் எங்கேயாவது அது மூக்கில் ஏறினால் என் கண் தானாக டெலிபோனைத் தேடும்.

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். இரண்டாயிரத்துக்கு அப்புறம் மூன்று நான்கு வருஷம் இருக்கும். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் செய்வது என் வேலை. அந்தப் பெட்டிக்குள் போகிற வெடியைச் செய்வது அக்கா வேலை, விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்ததே அவள்தான்.

எங்கேயாவது 'டொம்' என்று கேட்டால் ஊரே வாசலுக்கு வந்து, புகை எந்தத் திசை என்று பார்க்கும். அதற்காகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கம்பெனிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. அதிலிருந்து பிரஸ் நம்பருக்கு ரெண்டு ரிங். அப்புறம் கட். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். போனை எடுக்கக் கூடாது. எடுக்காவிட்டால் போட்ட காசு திரும்பி விழுந்துவிடும்.

சீசன் நேரம். ஒரு மத்தியானம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புகை விஸ்வநத்தம் பக்கம்.

போன் முன்னால் போய் உட்கார்ந்தேன். அது அடிக்கவே இல்லை. எந்தெந்தச் சாமியையோ கூப்பிட்டேன்...

கடைசியில் ஒரு ரிங். இரண்டாவது ரிங் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. ரிசீவரைப் பறித்து, "அக்கா!" என்று கத்திவிட்டேன்.

"ஏட்டி, எதுக்குடி எடுத்த?" அழுகையும் கோபமுமாக அக்கா. "பின்னால அம்புட்டுப் பேரு நிக்காக. ஒத்தக் காசுதான்டி இருந்துச்சு!"

வெடித்தது பக்கத்துக் கம்பெனியில். இவர்கள் பை, செருப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள். ஒருத்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரே ஒரு ரூபாய். அதைப் போட்டு ரெண்டு ரிங் விட்டு, திரும்பி விழுகிற காசை அடுத்தவள் கையில் கொடுத்து, அவரவர் தெருக் கடைக்கும் இதே மாதிரி ரிங் விட்டுத் தகவல் சொல்ல வரிசையில் நின்றிருக்கிறார்கள். முதல் போன் எனக்கு. பாவி, அந்தக் காசைப் போன் பெட்டி விழுங்கும்படி செய்துவிட்டேன்.

ஆனால் லைன் இன்னும் இருந்தது.

"அக்கா, ஒவ்வொருத்தரா பேரும் ஊரும் சொல்லச் சொல்லு. சீக்கிரம்!"

கையில் கிடைத்தது ஒரு கம்பி மத்தாப்பு லேபிள் புரூஃப். அதன் பின்பக்கம் எழுதினேன். ரிசீவர் கை மாற மாற, மூச்சு வாங்க வாங்கக் குரல்கள்... "மாரியம்மா, ஆனைக்குட்டம்." "நானு செல்வி, அதே ஊருதான்." மூன்று பேர் பாக்கி இருக்கும்போது கட் ஆகிவிட்டது. திருப்பிக் கூப்பிட அந்தப் பெட்டியின் நம்பர் எனக்குத் தெரியாது.

எங்கள் முதலாளி அண்ணாச்சி மொபெட் சாவியை நீட்டினார். "போ தாயி. லேபிளு எங்கிட்டும் ஓடிராது."

ஊர் ஊராகப் போய்ப் பேர் வாசித்தேன். ஆனைக்குட்டம் பஸ் ஸ்டாப்பில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மக பேச்சியம்மா பேரு இருக்கா தாயி? நல்லாப் பாரு."

மூன்று தடவை பார்த்தேன். இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் ஏறவே இல்லை, ரோட்டு ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பேச்சியம்மா பொழுது சாயும்போது வெறுங்காலோடு நடந்து வந்து சேர்ந்தாள். அதுவரைக்கும் அந்த அம்மா பட்ட பாடு என் அவசரத்தால் வந்தது. யார் என்ன சமாதானம் சொன்னாலும் அது அப்படித்தான்.

இன்றைக்கு எனக்கு இண்டிபெண்டன்ட் கன்சல்டன்ட் என்று பேர். நேபாளம், மொசாம்பிக் என்று சுற்றுகிறேன். வெள்ளம் வந்தால் ஜனங்கள் 'நான் பத்திரமா இருக்கேன்' என்று வீட்டுக்குச் சொல்ல சிஸ்டம் செய்து கொடுக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரிடமும் சண்டை போடுவேன். பேர் வராவிட்டால் 'இல்லை' என்று காட்டாதே, 'இன்னும் தகவல் வரவில்லை' என்று காட்டு. இந்தப் பொம்பளைக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று பார்ப்பார்கள்.

ஸ்கிரீனில் ஆயிரம் பேர் ஓடுகிறது. ஒரு குரல் கிடையாது. மூச்சு வாங்கிக்கொண்டு பேர் சொன்ன அந்தப் பெண்களை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று அப்படி ஏங்குகிறது மனசு.

இப்போதும் பிளேன் இறங்கியதும் அக்காவுக்கு ரெண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவேன். இத்தனை வருஷத்தில் அவள் எடுத்ததே இல்லை. அவள் இப்போது வெடி வேலையை விட்டு வீட்டோடு தனியாக இருக்கிறாள். அந்த ரெண்டு ரிங்கே எங்களுக்குப் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் மொசாம்பிக்கில், மபுட்டோவில் இறங்கினேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். எனக்குத் திக்கென்றது.

"என்னக்கா, என்னாச்சு? எதுக்கு எடுத்த?"

"ஒண்ணும் ஆகலடி. எம் பின்னால இப்ப யாரு நிக்கா?... கொஞ்ச நேரம் பேசேன்."