வேறடுப்புப் புழுக்கு

ஐப்பசி மழையில், கிழங்கும் பயறும் சேர்த்து வேகவைத்த புழுக்கு தின்றால் உடம்பு சூடாகும் என்பார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு பற்றுவதற்கு முன்னாலேயே எல்லோரும் சூடாகிவிட்டார்கள்.

பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில் எங்கள் விளை, அதாவது வீடும் தோட்டமும். தமிழ் பேசுகிற தாலுக்காக்களைப் பிரித்து அந்தப் பக்கம், தமிழ் ராஜ்ஜியத்தோடு, சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டமும், ஒரு பிடி மண் தரமாட்டோம் என்று இன்னொரு கூட்டமும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம். கலவரத்துக்குப் பயந்து திருவனந்தபுரத்தில் என் கல்லூரியை மூடினார்கள். பி.ஏ. புத்தகங்களையும், டைப்ரைட்டிங் லோயர் பாஸான திமிரையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கையில் தேங்காய்த் துருவியைக் கொடுத்தாள். பி.ஏ.வுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலைக் கஞ்சியின்போது அப்பா அறிவித்தார்.

"நாளைக்கு ஊர்வலம் நம்ம வழியாக்கும் போகுது. ஆளுகளுக்கு நம்ம விளையில புழுக்கு. வார்ப்ப எறக்கிக் கழுவுங்க."

வார்ப்பு என்றால் கல்யாணச் சமையலுக்கு எடுக்கிற பெரிய வெண்கலப் பாத்திரம். நான் உள்ளே உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். அண்ணன் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

அண்ணன் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வருடம் ஆக வேண்டும். ஆகாவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். கிளர்ச்சிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை மேலே எழுதி அனுப்புகிறார்கள் என்று ஆபீசில் பேச்சு. அவனுக்கு அந்த வேலை போனால் வேறு எதுவும் தெரியாது. மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் யோசிப்பான்.

"அப்பா, எனக்க வேலை போவும்."

"போவட்டு. தாலுக்கா அந்தப் பக்கம் சேந்தா அங்க வேலை கெடைக்கும்."

"சேரல்லன்னா?"

"சேராம எங்க போவும்?"

"பாறசாலைக்கு ஒழுங்கா ஒரு பஸ்சு வர மாட்டேங்குது. இதுல ராஜ்ஜியம் வருமாக்கும்!"

"எலே, அவனுகளுக்க சம்பளம் தின்னு தின்னு ஒனக்க நாக்கு மாறிப்போச்சு."

"நீங்க இப்ப மூக்குல ஏத்தினீங்களே பொடி, அதும் அந்தச் சம்பளத்துலயாக்கும்."

அப்பா பொடி டப்பாவை முற்றத்து மழையில் வீசினார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போய் எடுத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

அண்ணனின் மனைவி, என் மைனி, வாசல் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊர் அமரவிளை. எங்கள் ஆட்கள்தான், ஆனால் அவள் வீட்டில் மலையாளம் கலந்துதான் பேசுவார்கள். அவளுடைய அப்பா எதிர்க்கூட்டத்து மேடைகளில் முன்வரிசையில் உட்காருகிற ஆள். கிளர்ச்சி தொடங்கியதிலிருந்து அப்பா அவளை மருமகள் என்று சொல்வதில்லை. 'அமரவிளை' என்பார். "அமரவிளைகிட்ட வெள்ளம் கேளு." "அமரவிளை எழும்பியாச்சா?" அவளும் சளைத்தவள் அல்ல. தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து அப்பாவுக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

மறுநாள் விடிந்தபோதே மழை. கொல்லையில் ஓலைக்கூரைக்குக் கீழே கல் கூட்டி, வீட்டு அடுப்பிலிருந்து கனல் கொண்டுபோய் அம்மா தீ மூட்டினாள். அப்பா கொட்டும் மழையில் தோண்டிய கிழங்கையெல்லாம் சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து தட்டினார். காச்சில், சேனை, சேம்பு, சிறுகிழங்கு, மரச்சீனி. சேம்பை உலர்ந்த கையால், உலர்ந்த கிழங்காக எடுத்து, எண்ணெய் தடவிக்கொண்டு அரிய வேண்டும். நனைந்தால் கை அரித்துக் கொல்லும். தலைவர்களின் பேச்சை மனப்பாடமாகச் சொல்கிற அப்பாவுக்கு இது மட்டும் தெரியாது. வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் முழங்கை வரை சொறிந்துகொண்டே வேலை செய்தோம். அந்த அரிப்பில் காந்தியே சமைத்திருந்தாலும் யாரையாவது அடித்திருப்பார்.

"அரிஞ்சு தாரேன்," என்றாள் மைனி. "முற்றத்துல வந்து நிக்கமாட்டேன். ஆளுக பாக்கும்."

"பாத்தா என்ன? ஒனக்க அச்சன் பாத்திருவாரோ?" என்றாள் அம்மா.

"எனக்க அச்சன் பாத்தா கொழப்பமில்ல. ஒங்களுக்க மகனுக்க ஆபீசர் பாத்தா?"

அம்மா வார்ப்பில் வன்பயறைக் கொட்டினாள். பயறு பாதி வெந்ததும் காச்சிலும் சேனையும், அது கொதித்த பிறகு சேம்பும் சிறுகிழங்கும், கடைசியில் மரச்சீனி. மஞ்சள், உப்பு. நான் அம்மியில் தேங்காயும் சீரகமும் காந்தாரி மிளகாயும் வைத்துச் சதைத்துக்கொண்டிருந்தேன். அரித்த கையில் காந்தாரி பட்டால் எப்படி இருக்கும் என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராது.

"கொறச்சு தேங்காப்பால் விட்டா நல்லாயிருக்கும்," என்றாள் மைனி, யாரையும் பார்க்காமல்.

"இது ஒனக்க வீட்டு தேங்காப்பால் இஷ்டு இல்ல. தமிழனுக்கு வைக்கிய புழுக்கு."

"கெழங்குக்கு பாஷை தெரியுமாம்மா?" என்றேன் நான்.

"நீ வாய மூடிட்டு அரை. படிக்க அனுப்பினா, கெழங்குக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கா, சவம்."

அந்த நேரத்தில்தான் அண்ணன் முக்கு வரை போய்விட்டுத் தலை நனைய ஓடிவந்தான். டீக்கடையில் சொன்னார்களாம்: பார்வத்தியக்காரர், அதாவது எங்கள் பகுதியின் வரியும் கணக்கும் பார்க்கிற அதிகாரி, குடையும் பிடித்துக்கொண்டு வீடு வீடாக வருகிறாராம். ஊர்வலத்துக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று குடிக்கணக்கில் எழுதுகிறாராம்.

"அம்மா, வார்ப்ப எறக்கு."

"பாதி வெந்த கெழங்க எறக்கவா? ஒனக்கு கிறுக்கா?"

"அப்ப நான் வேற அடுப்பு வைக்கேன். இப்பமே. அவரு வரும்போ எனக்க குடி வேற, அப்பாவுக்க குடி வேற. ஒரு செரட்டை கனல் தா."

எங்கள் பக்கத்தில் ஒரு குடி என்றால் ஓர் அடுப்பு. கூரை ஒன்றாக இருந்தாலும் அடுப்பு வேறானால் குடி வேறு. ஒரு அடுப்பில் வேகிறதற்கு மற்ற அடுப்புக்காரனிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அதற்கொரு முறை இருக்கிறது. மகன் பிரியும்போது அம்மா பழைய அடுப்பிலிருந்து ஒரு சிரட்டையில் கனல் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கனலில் புது அடுப்பு பற்றினால் குடி இரண்டானாலும் உறவு ஒன்று. கனல் வாங்காமல் அடுப்பு பற்ற வைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். அப்படி ஒருத்தன் செய்து நாங்கள் பார்த்ததில்லை.

"தரமாட்டேன்," என்றாள் அம்மா.

"அம்மா, நாளைக்கு அணைச்சிருவேன். அந்த ஆளு போறது வரைக்குந்தான்."

"அணைக்கியதுக்கு வைக்கியதா அடுப்பு? கூத்துக்குப் போடுகிய வேஷமா இது? எனக்க அடுப்புல இருந்து ஒரு தீப்பொறி எடுக்க விடமாட்டேன்."

"தர வேண்டாம்," என்றாள் மைனி. "தீப்பெட்டி உண்டு."

தொழுவத்துக்குப் பின்னால் மூன்று செங்கல் வைத்தாள். தான் அரிந்த கிழங்கில் ஒரு சட்டிக்கு வேண்டியதை என் கண் முன்னாலேயே அள்ளிக்கொண்டு போனாள். தீப்பெட்டி ஈரம். குச்சி குச்சியாக ஒடித்தாள். அம்மா துடுப்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு குச்சி அணையும்போதும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போயிற்று, அதை மறைக்கக்கூட இல்லை. கடைசியில் தென்னம்பாளையில் தீ பிடித்தது. மழையில் இரண்டு புகை எழுந்தது.

மைனி தேங்காய்ப்பால்தான் விட்டாள். நல்லமிளகும் கறிவேப்பிலையும் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகப் போட்டாள், மணம் இந்தப் பக்கம் வரட்டும் என்று. அம்மா விடுவாளா? சதைத்த தேங்காயைப் போட்டு, பச்சைத் தேங்காயெண்ணெயைச் சுற்றி ஊற்றி, வாழையிலை போட்டு மூடி, மூடிய இலையை இரண்டு தடவை காரணமில்லாமல் திறந்தாள். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் எச்சில் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஊர்வலம் வரவில்லை. பெருவழியிலேயே தடுத்துக் கலைத்துவிட்டார்கள் என்று சைக்கிளில் போன ஒருவன் நிற்காமலே கத்திவிட்டுப் போனான். அப்பா ஓலைக்கூரைக்குக் கீழே, அடுக்கி வைத்த இலைக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு புழுக்கையும் யார் தின்பது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் குடை வந்தது.

பார்வத்தியக்காரர் வார்ப்பைப் பார்த்தார். இலைக்கட்டைப் பார்த்தார். "கல்யாணம் வல்லதும் உண்டோ?" என்று மலையாளம் கலந்து கேட்டுச் சிரித்தார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "வீட்டுக்கு வச்சது. மழையில்லியா."

"வீட்டுக்கு இத்தறயோ?"

"நாங்க நல்லா தின்போம்."

"மகனும் சேந்துதானோ?"

அம்மாவுக்கு அது கண்ணி என்று தெரியும். அப்பாவைக் காப்பாற்றச் சொன்ன பொய்யில் அண்ணன் மாட்டுவான் என்றும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். "பின்னே? எனக்க மகன் எனக்க அடுப்புல தின்னாம வேற எங்க தின்பான்?"

அண்ணன் தொழுவத்துப் பக்கமிருந்து வந்தான். "சாரே, ஞான் வேறயாணு. அடுப்பு வேற."

பார்வத்தியக்காரர் போய்ச் செங்கல் அடுப்பைக் குனிந்து பார்த்தார். செங்கல்லில் கரிகூடச் சரியாகப் பிடிக்கவில்லை. இன்றைக்கு வைத்தது என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. நிமிர்ந்து அம்மாவிடம் கேட்டார்.

"கனல் கொடுத்தோ?"

அம்மா வார்ப்பின் இலையைத் திறந்து மூடினாள்.

"இல்ல சாரே," என்றான் அண்ணன். "தீப்பெட்டியிலயாக்கும் பத்த வச்சது. கனல் வாங்கல்ல."

பார்வத்தியக்காரரின் சிரிப்பு போய்விட்டது. அண்ணனை மேலும் கீழும் பார்த்தார், பெற்றவளுக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்றவனைப் பார்ப்பதுபோல. நாடகத்துக்காகப் பிரிகிறவன் கனலை வாங்கிக்கொண்டல்லவா பிரிவான்? வாங்காமல் பிரிந்தவன் நிஜமாகவே பிரிந்தவன். அந்தக் கணக்கு எனக்குப் புரிந்த அதே நேரத்தில் அம்மாவுக்கும் புரிந்தது. அவள் கனல் கொடுத்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். அவளுடைய பிடிவாதம்தான் அவள் மகனை அவளிடமிருந்து பிரித்து எழுத வைத்தது.

"எங்கில் செரி. குடி வேற," என்று எழுதிக்கொண்டார்.

மகன் தப்பித்துவிட்டான் என்றதும் அப்பாவுக்கு வீரம் திரும்பி வந்தது. எழுந்து நின்று, "ஊர்வலத்துக்கு வச்சதாக்கும்! அதையும் எழுதும்!" என்றார். பார்வத்தியக்காரர் அதையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, குளிருகிறது, ஒரு இலை போட முடியுமா என்று கேட்டார். கேட்பவருக்கு இல்லையென்று சொல்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அம்மா கொதிக்கக் கொதிக்க அள்ளி வைத்தாள், ஆறுவதற்கு நேரம் கொடுக்காமல் மேலும் வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தின்றார். மறுபடியும் வாங்கித் தின்றார். அந்தப் புழுக்கு அப்படி: காச்சில் மாவாகக் கரைந்து, பயறு மட்டும் பல்லில் தட்டுப்பட்டு, காந்தாரியின் எரிவு கடைசியில் காதுக்குள் வந்து நிற்கும். மிச்சத்தை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம். தொழுவத்துப் பக்கம் மட்டும் போகவில்லை. அண்ணன் தின்றிருக்கவும் முடியாது. பார்வத்தியக்காரர் எல்லாவற்றையும் பார்த்தபடி படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்து ஒரு பகல் உட்கார வைத்து அனுப்பினார்கள். அதை அவர் சிறைவாசம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நாளைக்கு அணைத்துவிடுவேன் என்ற அடுப்பை அண்ணனால் அணைக்க முடியவில்லை. எழுதியாயிற்றே. மறுபடி யாராவது வந்து பார்த்தால்? செங்கல்லுக்கு மேல் ஓலை வந்தது, ஓலைக்குக் கீழே சுவர் வந்தது. மைனியும் அம்மாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், ஒருத்தி வாளியை மேலே தூக்கும்வரை மற்றவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். கடைசியில் எங்கள் தாலுக்கா எந்தப் பக்கமும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பா கொஞ்ச நாள் யாரிடமும் பேசவில்லை. மைனியிடம் மட்டும், "வெள்ளம்" என்று நேராகக் கேட்டார். அவள் கை எட்டும் தூரத்தில் வைத்தாள். எங்கள் வீட்டில் அன்பு என்றால் அதுதான், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணனுக்கு வேலை நிரந்தரமான அன்று அவன் நேராக அம்மாவிடம்தான் வந்தான். மழை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, ஆச்சு," என்றான். உள்ளே அடுப்பில் புழுக்கு இருந்தது. அவன் மூக்கு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து அவன் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி, சட்டியிலிருந்தே வழித்துத் தின்பவன்.

அம்மா அவனைத் தாண்டி முன்னறைக்குப் போனாள். பாய் விரித்தாள். இலை போட்டாள், செம்பில் தண்ணீர் வைத்தாள். தூரத்து உறவுக்காரர் வந்தால் எப்படிச் செய்வாளோ அப்படி. அவன் போய் உட்கார்ந்தான். நிறைய வைத்தாள். அவன் தலை குனிந்து தின்றான், இலையில் ஒரு பயறுகூட விடாமல்.

அம்மா என்னிடம் திரும்பினாள். "மக்கா, வந்தவருக்கு இன்னும் வேணுமான்னு கேளு."

நான் கேட்டேன். போதும் என்றான்.